மேல்கோடு வரைக்கும் தண்ணீர்

வைகாசி 9, வெள்ளி

வெயில். காலையிலேயே கடைத் தகரத்தில் கை வைக்க முடியாத சூடு. காற்று அசையவில்லை.

பற்றரி ஏசன்ற் தந்த டயறி. தையில் தந்தது, இன்றைக்குத்தான் திறக்கிறேன். வாயால் சொல்ல முடியாத ஒன்றை எங்கேயாவது சொல்லவேண்டி வந்துவிட்டது.

இன்று காலை குளித்து, திருநீறு பூசி, சாமி அறையில் கண்ணை மூடி மனமுருகிக் கும்பிட்டேன். முழங்கால் நோவு, கடை வியாபாரம், மலரின் வாய் கொஞ்சம் குறைய வேண்டும் என்று எல்லாம் கேட்டேன். கண்ணைத் திறந்தால் முன்னால் நிற்பது பிள்ளையார் இல்லை. வதனியின் போத்தல். பிள்ளையார் ஒரு முழம் தள்ளி இருந்து என்னைப் பார்த்தபடி. அவர் பக்கம் திரும்பி மறுபடி முதலில் இருந்து கேட்க வெட்கமாக இருந்தது. "மேலே சொன்னபடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

போத்தல் சாமி அறைக்கு வந்த கதையையும் எழுதி வைக்கிறேன். வதனி என் மனைவி மலரின் தங்கை. நாற்பத்து மூன்று வயது, கலியாணம் செய்யவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அது முடிந்ததும் கம்பசுக்கு ஓடிப்போய் ஏதோ பெரிய பட்டத்துக்குப் படிக்கிறாள், வருடக் கணக்காக. அதற்கான சாமான்தான் அந்தப் போத்தல். ஜாம் போத்தல் அளவு. அடியில் கடுகு மாதிரி மணிகள். மேலே பால் மாதிரி ஏதோ. ஆனால் பாலில்லை. யன்னல் வெளிச்சம் பட்டால் பச்சை. மயிலின் கழுத்துப் பச்சை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் வேறு நிறம். சாயம் ஒன்றும் போடவில்லையாம்.

கம்பஸில் பக்கத்து அறையில் ஜெனறேற்றர். மேசை நடுங்குகிறது, நடுங்கினால் நிறம் போய்விடுகிறது என்று போத்தலை மடியில் வைத்து ஓட்டோவில் கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் குசினியில் ஃபிரிட்ஜ் நடுங்கும். முன்பக்கம் என் பற்றரிக் கடையில் சார்ஜர் இரையும். அசையாத இடம் சாமி அறை ஒன்றுதான்.

அவள் விளங்கப்படுத்துவாள். நான் "ஓமோம், ஓமோம்" என்று தலையாட்டுவேன். விளங்கியது பூச்சியம். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்கு மேல் என்ன வரும்.

சரி. கும்பிட்டு முடித்துப் பார்த்தால், போத்தலில் ஒரு கறுப்புக் கோடு. வதனி பேனையால் கீறியது. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே, பாதிக்கும் கீழே. வாயில் கட்டியிருப்பது மெல்லிய சீலைத் துண்டு. இந்த வெயிலுக்கு வற்றாமல் என்ன செய்யும்? ஆளும் இல்லை, கருத்தரங்கு என்று நேற்று வவுனியா போனவள். பாவம்.

கடையில் இருந்து பற்றரித் தண்ணீர் கானை எடுத்து வந்தேன். கிணற்றுத் தண்ணீர் விடுகிற விசரன் இல்லை நான். உரும்பிராய்க் கிணற்றில் சுண்ணாம்பு. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும், பற்றரிக்குள் விட்டால் அதன் ஆயுள் போச்சு. பற்றரித் தண்ணீர் வடித்த தண்ணீர். அதைவிடச் சுத்தம் இல்லை.

சீலையை அவிழ்த்து மெதுவாக விட்டேன். விட்ட இடம் வெளுத்தது. கொஞ்சம் பொறுத்தேன். பச்சை இருந்த இடத்தில் மஞ்சள். இன்னும் விட்டேன். செம்மஞ்சள். இன்னும். நல்ல சிவப்பு, பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் கன்னம் மாதிரி. என்ன வடிவு! பிறகு கோடு வரைக்கும் விட்டேன். வெறும் தேங்காய்ப்பால்.

பயம் இல்லை. ஆட்டினால் நிறம் போகும், அசையாமல் வைத்தால் திரும்பி வரும் என்று அவளே சொன்னவள்தான். சீலையைக் கட்டினேன். நல்ல வேலை செய்த திருப்தி.

மதியம் கணவாய்க் கறி. பின்னேரம் மலர் வழமைபோல மஞ்சள் தண்ணீர் தெளித்து விளக்கு வைத்தாள்.

வைகாசி 10, சனி

வெயில். சின்னக் காற்று.

காலையில் பார்த்தேன். போத்தல் வெள்ளை. மத்தியானமும் வெள்ளை.

பின்னேரம் வதனி வந்தாள். பையை வைக்க முதல் சாமி அறைக்குள் போனாள். சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தால், கையில் ரோச் லைற், போத்தலுக்கு முன்னால் குந்தியிருக்கிறாள்.

"அக்கா."

"என்னடி?"

"இதுக்கு என்ன நடந்தது?"

"எதுக்கு?"

"தண்ணி கூடிக் கிடக்கு. சீலையிலை மஞ்சள் பட்டுக் கிடக்கு. மஞ்சள் செம்பை இதுக்குள்ளை கவிட்டனீங்களோ?"

மலர் குசினியில் இருந்து ஈரக்கையோடு வந்தாள். சீலையைப் பார்த்தாள். மெய்தான், மூன்று நாலு மஞ்சள் பொட்டு.

"தெளிச்சனான்தான். செம்பு கையிலை தட்டுப்பட்டது. ஆனா..."

"ஆனா என்ன?"

"கவிண்டமாதிரித் தெரியேல்லை."

"தெரியேல்லையோ, கவிளேல்லையோ?"

மலர் வாய் திறக்கவில்லை. என் மலர்! சந்தையில் மூன்று கடைக்காரரை ஒரே மூச்சில் வாயடைக்கப் பண்ணுகிறவள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கே தெளிவில்லை. நான் விட்டது வடித்த தண்ணீர். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத தண்ணீர் ஒன்றை எப்படிக் கெடுக்கும்? ஒருவேளை நான் விட்ட பிறகு மலர் உண்மையிலேயே செம்பைக் கவிழ்த்தாளோ? அப்படி என்றால் கோட்டுக்கு மேலே அல்லவா நிற்க வேண்டும்? மண்டை குழம்பிக் கடைக்குப் போய் ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரியை மூன்று தரம் துடைத்தேன்.

இரவுச் சாப்பாடு இடியப்பம். அக்காவும் தங்கையும் சொதிச் சட்டியை என் ஊடாகக் கேட்டு வாங்கினார்கள். "சொதியை இஞ்சாலை தரச் சொல்லுங்கோ." "சொதி அங்கைதான் கிடக்கு எண்டு சொல்லுங்கோ." நடுவில் நான் தந்தி அனுப்புகிற கந்தோர்.

வைகாசி 11, ஞாயிறு

மேகம். மழை வரும் போல ஒரு நடிப்பு. வரவில்லை.

சொல்லிவிட்டேன். காலைத் தேத்தண்ணியோடு, இரண்டு பேரும் இருக்கும்போது.

"வதனி, அது அக்கா இல்லை. நான்தான் விட்டனான்."

"என்ன விட்டனீங்கள்?"

"பற்றரித் தண்ணி."

அவள் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அத்தான், இண்டைக்கு வேண்டாம். எனக்குப் பகிடி கேக்கிற நிலைமை இல்லை."

"பகிடி இல்லையடி பிள்ளை. மெய்."

"எனக்கு மன்னாருக்கு இடமாற்றம் வந்திட்டுதெண்டு சொல்லி அழவைச்சது ஆர்? அதுவும் மெய்யெண்டுதான் சொன்னனீங்கள். என்ரை பிறந்தநாளுக்கு வெறும் பெட்டிக்குள்ளை பெட்டியாய் வைச்சுத் தந்தது ஆர்?"

கடைசிப் பெட்டிக்குள் ஒரு டோஃபி இருந்தது. அதை இந்த நேரத்தில் நினைவுபடுத்துவது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

மலர் இன்னும் மோசம். கண் கலங்கிவிட்டது. "என்னைக் காப்பாத்தப் பாக்கிறார்" என்றாள் தங்கைக்கு. கலியாணம் கட்டின நாளில் இருந்து என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதுவும் பிழையான இடத்தில்.

முகத்தைப் பாரமாக வைத்து இன்னொரு தரம் சொன்னேன். என் முகத்துக்குப் பாரம் சரிவராது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, வந்த சிரிப்பு ஒருத்தியை ஒருத்தி பார்த்ததும் நின்றுபோனது.

"உருகிப் போச்சு" என்று வதனி நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவளிடமே கேட்டேன், உருகுவது என்றால் என்ன என்று. இந்த முறை தலையாட்டாமல் கேட்டேன். அவள் சொன்னதை எனக்கு நினைவிருக்கும்படி எழுதுகிறேன்:

"அந்தப் பாலுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத உருண்டையள் கிடக்கு, அத்தான். எல்லாத்திலையும் ஒரே மாதிரி மின்சாரம். அதாலை ஒண்டையொண்டு தள்ளும். கிட்ட வர விடாது. உப்பில்லாத சுத்தமான தண்ணியிலை அந்தத் தள்ளல் தூரத்துக்குப் போகும். அப்ப எல்லாம் ஒரே இடைவெளி விட்டு வரிசை வரிசையாய் நிண்டுவிடும். அதுதான் படிகம். அந்த வரிசையிலை வெளிச்சம் பட்டுத் திரும்பேக்கை பச்சை."

"தண்ணி கூடினா?"

"இடைவெளி கூடும். படிகம் விரியும். பச்சை சிவப்பாகும். இன்னும் கூடினா ஒண்டின்ரை தள்ளல் மற்றதுக்கு எட்டாது. வரிசை குலைஞ்சு போகும். அதைத்தான் உருகிறதெண்டு சொல்லுறது."

"சூடு காட்டாமலே உருகுமோ?"

"ஓம்."

"கரையிறதெண்டு சொன்னால் என்ன?"

"கரையேல்லை. உருண்டையள் அப்பிடியே கிடக்கு. வரிசைதான் போச்சு."

ஐஸ் உருகினால் ஐஸ் இல்லை. சீனி கரைந்தால் சீனியைக் காணவில்லை. இது என்னவென்றால் சாமான் அங்கேயே இருக்கிறது, ஆனால் உருகிவிட்டது. குழப்பம்.

"உப்பு விட்டால்?" என்றேன். மஞ்சள் தண்ணீரை நினைத்து.

"உப்பு அந்தத் தள்ளலை மறைச்சுப்போடும். அப்பவும் வரிசை குலையும். அந்தக் கடுகு மணியள் உப்பைத் தின்னத்தான் போட்டது. ஆனா ஒரு செம்பு கிணத்துத் தண்ணியை அதுகள் எப்பிடித் தின்னும்? நல்ல தண்ணியெண்டால் திரும்ப வத்த விட்டு எடுக்கலாம். இது இனிக் கழுவி ஊத்திறதுதான்."

அதாவது, ஒருவருக்கொருவர் பகை இருந்தால் ஒழுங்கு. பகை தெரியாமல் போனால் குழப்பம். இது என்ன சாத்திரமோ தெரியவில்லை.

பின்னேரம் குசினிக்குள் வதனி தனியே. நான் தண்ணீர் குடிக்கப் போனேன். தானாகவே சொன்னாள்: வியாழக்கிழமை அவளுடைய பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். போத்தலைக் கண்ணால் பார்த்தால்தான் பட்டத்துக்கான கடதாசியில் கையெழுத்து வைப்பேன் என்றாராம். இதுதான் கடைசித் தவணை, இனி நீடிக்க மாட்டார்கள். கம்பஸில் வைத்த மற்றப் போத்தல்கள் ஜெனறேற்றரோடு போயின.

"வர வேண்டாமெண்டு நாளைக்குச் சேருக்குச் சொல்லப் போறன். இந்த வயதிலை எனக்கென்னத்துக்கு."

வயதைப் பற்றி ஒரு பகிடி என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். தண்ணீர் குடிக்க மறந்து வந்துவிட்டேன்.

வைகாசி 12, திங்கள்

வெசாக் லீவு. றோட்டில் சனம் குறைவு. கடை பாதி திறந்தபடி.

காலை முழுக்க நான் ஒரு பகிடியும் விடவில்லை. பாண்காரன் ஹோர்ன் அடித்தபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. மலர் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலோ?"

"இல்லை."

"பின்னை ஏன் இப்பிடி இருக்கிறியள்?"

"சொன்னனான்தானே. நான்தான் விட்டனான்."

மலர் போகாமல் நின்று யோசித்தாள்.

அந்த நேரம் வதனி போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகிறாள். வாழைக்கு ஊற்ற. பின்னால் ஓடினோம். வாழையடியில் நின்று, சீலையை அவிழ்த்து, சரிக்கப்போனவள் கொஞ்சம் தயங்கினாள். அழவில்லை. கோட்டைப் பெருவிரலால் தடவிக்கொண்டு சொன்னாள்: "இதிலைதான் துவங்கினது. இந்தக் கோட்டிலை. அப்பவும் இப்பிடித்தான் வெறும் வெள்ளை. மாசக்கணக்காய் வத்த வத்தத்தான் நிறம் வந்தது. திரும்பி அதே கோட்டிலை கொண்டுவந்து விட்டிருக்கு."

"அதே கோட்டிலையோ?" என்றாள் மலர்.

"ஓம். மயிர் அளவும் பிசகாமல்."

மலர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

"செம்பு கவிண்டா, அளந்து பாத்தே கோட்டிலை போய் நிக்கும்?"

வதனி கோட்டை இன்னொரு தரம் பார்த்தாள்.

"இந்த மனிசன் கோட்டைக் கண்டால் விடும், வதனி. பற்றரி எண்டில்லை. என்னத்திலை கோடு கிடந்தாலும். அயன் பெட்டிக்குள்ளை விடும். லாம்பு எண்ணெய் கோட்டுக்குக் கீழை இறங்க விடாது. மூத்தவன் கைக்குழந்தையாய் இருக்கேக்கை குடிச்சு முடிச்ச பால்போத்தலை எடுத்து மேல்கோடு வரைக்கும் திரும்ப நிரப்பி வைச்ச மனிசன். பிள்ளை குடிச்சதோ இல்லையோ எண்டு எனக்கு ஒருநாளும் தெரியாது!"

வதனி மெதுவாகத் திரும்பினாள். "அத்தான். கோட்டுக்குக் கீழை நிண்டதெண்டோ விட்டனீங்கள்?"

"பின்னை? கோடு என்னத்துக்குக் கீறினது?"

"எவ்வளவு இருந்தது, எவ்வளவு வத்தினது எண்டு பாக்க!"

"அப்பிடியெண்டால் அதிலை எழுதியிருக்க வேணும்."

"விடேக்கை என்ன நடந்தது? சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்."

"பச்சை மஞ்சளாச்சு. பிறகு செம்மஞ்சள். பிறகு சிவப்பு. பிறகு ஒண்டுமில்லை."

அந்தப் பெட்டை வாழைக்குக் கீழே அப்படியே இருந்துவிட்டாள், போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி. உப்போ மஞ்சளோ போயிருந்தால் அப்படி ஒவ்வொரு நிறமாக மாறி மாறிப் போகாதாம், குழம்பிப் போகுமாம். விரிந்து விரிந்துதான் உருகியிருக்கிறது. நல்ல தண்ணீர்தான். என்னால் இந்த நிறங்களைக் கற்பனை செய்து சொல்லியிருக்க முடியாது என்பதையும் நம்பினாள். அந்த அளவுக்கு எனக்கு மூளை இல்லை என்பதில் வீட்டில் எல்லோரும் ஒற்றுமை.

பிறகு ஏச்சு. எழுதவில்லை. நீளம்.

வற்றவைக்க வேண்டும், வியாழனுக்குள். போத்தல் வாய் ஒடுக்கம், மாசக்கணக்கு எடுக்கும். அகலமான கண்ணாடித் தட்டு வேண்டும். உலோகம் கூடாது. பள்ளிக்கூடம் பூட்டு.

மலர் ஒன்றும் சொல்லாமல் முன் அறைக்குப் போய்க் கண்ணாடி அலுமாரியைத் திறந்தாள். அவளின் தம்பி கனடாவில் இருந்து அனுப்பிய கேக் தட்டு. தடித்த கண்ணாடி. வந்த நாளில் இருந்து யாரும் தொட விட்டதில்லை. நான் ஒருதரம் அதில் மாங்காய் வெட்டப்போய் வாங்கிய ஏச்சு இன்னும் ஆறவில்லை. அதைக் கொண்டுவந்து தங்கையின் முன்னால் வைத்தாள்.

"கீறல் விழாமல் பார்."

"அக்கா..."

"பார் எண்டனான்."

அவ்வளவுதான். மன்னிப்பு யாரும் யாரிடமும் கேட்கவில்லை. தட்டைப் பற்றரித் தண்ணீரால் கழுவினோம். போத்தலில் இருந்ததை மணிகளோடு சேர்த்து ஊற்றினாள். சாமி அறைக்குள் நிலத்தில் வைத்து, மேலே சீலை. கடையில் இருந்து சின்ன விசிறி ஒன்று, காற்று நேரே படாமல் சுவரைப் பார்த்தபடி.

எனக்குத் தடை உத்தரவு. சாமி அறைக்குள் கானோடு நுழையக் கூடாது. கோடு உள்ள எதையும் கேட்காமல் தொடக் கூடாது.

வைகாசி 13, செவ்வாய்

நல்ல வெயில். காற்றும். இன்றைக்கு மழை வந்தால் நான் செத்தேன்.

வதனி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் பாய்.

மத்தியானம் வரைக்கும் வெள்ளை. நான் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும், "போங்கோ" என்று கேட்பதும், போவதும்.

மூன்று மணி போல வதனியின் சத்தம். கடையில் ஆள் நிற்கும்போதே ஓடினேன். தட்டின் விளிம்பில் சுற்றிவர ஒரு சிவப்பு. சிவப்பென்று சொல்ல முடியாது, செங்கல்லை நனைத்துவிட்டால் வருகிற நிறம். ஆனால் மினுங்குகிறது. விளிம்பில் முதலில் வற்றுமாம்.

"பாத்தியளே! நெருங்கி வருகினம்."

"ஆர்?"

"உருண்டையள்."

மனிதர் மாதிரிக் கதைக்கிறாள். எனக்கும் ஒரு யோசனை வந்தது. சொன்னேன்: எங்கள் சொந்தக்காரர் மாதிரி. ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. சின்ன மண்டபத்தில் கலியாணம் வைத்தால் வேறு வழியில்லாமல் ஒரு கதிரை விட்டு ஒரு கதிரை, வரிசையாக இருப்பார்கள். பார்க்க ஒழுங்கு. முற்றவெளி மைதானத்தில் கொண்டுபோய் விட்டால் அவரவர் பாட்டுக்கு.

வதனி யோசித்தாள். "கிட்டத்தட்டச் சரி."

"சரிதானே!"

"ஆனா பிழை. அவையளுக்கு ஓடத் தெரியும், இவையள் சும்மா ஆடிக்கொண்டு நிக்கிறவை."

சரியோ பிழையோ? கேட்டேன். "இரண்டும்" என்றாள். படித்தவர்களோடு கதைப்பதில் இதுதான் கரைச்சல்.

வாங்க வேண்டியது: அசிட், கிறீஸ், மலருக்குப் பனடோல், எனக்குக் கட்ட ஒரு புதுச் சாரம் (பழையது இடுப்பில் நிற்காது).

வைகாசி 14, புதன்

காலை வெயில். தட்டு முழுக்கச் சிவப்பு, விளிம்பில் மஞ்சள்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் நின்றது. வயர் மாற்றுகிறார்களாம், பின்னேரம் வரைக்கும் வராதாம். விசிறி நின்றது. வதனியின் முகமும்.

"காத்தில்லாட்டி நாளைக்குப் பச்சை வராது."

இந்தத் தரம் எனக்கு வேலை தெரியும். கடையில் சார்ஜ் ஏறி இருந்தது ஒரே ஒரு பெரிய பற்றரி. பழைய வான் ஒன்றின் விசிறியைக் கழற்றி, சாமி அறை வாசலில் வைத்துப் பற்றரியில் கொடுத்தேன். அசைவு நிலத்தில் போகாமல் இருக்க அடியில் மலரின் தலையணை. மலருக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

"தண்ணி ஏதும் விடேல்லையே?" வதனி.

"காத்து மட்டும்."

"கோடு ஏதும் பார்த்தனீங்களோ?"

"கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தனான்."

சிரித்தாள். சனிக்குப் பிறகு முதல் முழுச் சிரிப்பு. மலர் அவளுக்கு எந்தச் சேலை நாளைக்கு என்று கேட்டு இரண்டை எடுத்துக் காட்டினாள். வதனி நீலத்தைக் காட்டினாள். மலர் பச்சையைக் கட்டச் சொன்னாள். சண்டை. நல்ல சண்டை.

விசிறி பின்னேரம் வரைக்கும் ஓடியது. பற்றரி செத்தது. கரண்ட் வந்தபோது சார்ஜில் போட மறந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று விளங்கவில்லை. வற்றினால் நெருங்குகிறார்கள், பச்சை. விட்டால் விலகுகிறார்கள், சிவப்பு. சரி. ஆனால் கடைசிவரைக்கும் வற்றினால்? கேட்கவில்லை. இன்னொரு விளக்கம் தாங்காது.

வைகாசி 15, வியாழன்

வெயில். காற்று பலம்.

விடிய வதனி தட்டிக் கூப்பிட்டாள். தட்டு பச்சை. முந்திய மாதிரி ஒரே மயில்கழுத்து இல்லை. பொடிப்பொடியாக, மீன் செதில் கொட்டினமாதிரி, தலையை அசைக்க அசைக்க ஒவ்வொன்றாக மினுங்கும். அவசரத்தில் வற்றினால் சின்னச் சின்னப் படிகமாகத்தான் வருமாம். "சேர் இதைப் பாத்து என்ன சொல்லுவாரோ." பச்சைச் சேலைதான் கட்டியிருந்தாள்.

பத்து மணிக்கு அவர் வந்தார். பழைய கார், மெலிந்த மனிதர், சத்தம் குறைவு. செருப்பைக் கழற்றிச் சாமி அறைக்குள் போனார். முழங்காலில் நின்று, தலையை நிலம் வரை சரித்து, ஒரு பக்கம், மற்றப் பக்கம். கும்பிடுகிறார் என்று நினைத்து மலர் கற்பூரம் எடுக்கப் போனாள். பிடித்து நிறுத்தினேன். எனக்கு அந்த அனுபவம் உண்டு.

"ஒரே படிகமாய் வளருது எண்டெல்லோ சொன்னனீர்? இது பொடியாய்க் கிடக்கு."

வதனியின் கை சேலைத் தலைப்பில். "உருகிப் போச்சு, சேர். பிறகு திரும்பி வந்தது."

"ஆர் உருக்கினது?"

அவள் என்னைக் காட்டவில்லை. மலரையும் காட்டவில்லை. "தண்ணி கூடிப்போச்சு சேர்" என்றாள்.

நானே முன்னால் வந்தேன். "நான்தான் சேர். பற்றரித் தண்ணி. மேல்கோடு வரைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வெறும் போத்தலில் கோட்டைப் பார்த்தார். நிறம் எப்படி எப்படி மாறியது என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தரம் கேட்டார். சொன்னேன். பிறகு சிரிப்பு. சத்தம் குறைந்த மனிதருக்கு அவ்வளவு சிரிப்பு எங்கே இருந்ததோ, இருமி, மலர் தண்ணீர் கொடுத்து.

"விரிஞ்சு உருகி, திரும்பி வந்திருக்கு. வேறை ஒண்டும் கலக்கேல்லை எண்டதுக்கு இதைவிட என்ன வேணும்? அதையும் எழுதும். கையெழுத்து வைக்கிறன்."

வதனி "நன்றி சேர்" என்றாள். கேட்கவே இல்லை, வாய் மட்டும் அசைந்தது. மலர்தான் அழுதாள்.

தேத்தண்ணி, பருத்தித்துறை வடை. புறப்பட்டார். கார் எடுபடவில்லை. பொனற்றைத் திறந்தேன். பற்றரி. தண்ணீர் கோட்டுக்கு நன்றாகக் கீழே.

கையைக் கானுக்கு நீட்டினேன்.

"அத்தான்!" வதனி, படியில் நின்று.

கையை எடுத்தேன். சார்ஜ் ஏறிய பற்றரி கடையில் இல்லை. இருந்தது விசிறிக்குப் போய்விட்டது. தள்ளுவதுதான். பின்னால் அக்காவும் தங்கையும், பச்சைச் சேலையோடு. நான் சேரின் கதவுப் பக்கம், கதவு திறந்தபடி. புதுச் சாரம் இன்னும் வாங்கவில்லை.

வாசிகசாலை தாண்டியதும் எஞ்சின் பிடித்தது. சேர் கையை அசைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார். நிறுத்தினால் நின்றுவிடும் என்ற பயமாக இருக்கும், நிறுத்தவில்லை.

என் சாரத்தின் ஒரு முனை கதவுக்குள். மிச்சச் சாரமும் அதன் பின்னால் போனது. உள்ளே கட்டைக் காற்சட்டை இருந்தது. வாசிகசாலையில் ஆறு பேர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் வதனிக்குப் போன் வந்தது. சாரம் கம்பஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.